ஏரிக்கரை வளைவில் மூன்று செங்கல்

ரோட்டை எப்படிக் கடப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி சர்க்காரிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. பளபளவென்று கலர் படம். காலில் பூட்ஸும் கழுத்தில் டையும் போட்ட ஒரு பையன் வெள்ளைக்கோட்டின்மேல் ஜம்மென்று நடக்கிறான். கையுறை மாட்டிய போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டுகிறார். கார்கள் எல்லாம் சமர்த்தாக நிற்கின்றன. கீழே கொட்டை எழுத்தில், வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார், பிறகு கடந்து போ என்று போட்டிருந்தது.

தலைமையாசிரியை ரத்தினபாய் டீச்சர் அதை மேஜைமேல் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தாள். பீர்க்கன்கரணையில் வெள்ளைக்கோடு கிடையாது. போலீஸ்காரர் கிடையாது. அவளுடைய பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குச் செருப்பே கிடையாது, பூட்ஸுக்கு எங்கே போக? இருப்பதெல்லாம் பட்டணத்துக்குப் போகிற ஜி.எஸ்.டி. ரோடும் அதில் தலைதெறிக்க வருகிற லாரிகளும்தான்.

"லாரிக்காரனுக்கு என்ன படம் அனுப்பியிருக்காங்களாம்?" என்றாள்.

பக்கத்தில் நின்ற உதவி ஆசிரியை ஹில்டா சிரித்துவிட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. படத்தைச் சுருட்டி, பீரோவுக்குப் பின்னால் வீசிவிட்டு, மணி அடிக்கச் சொன்னாள்.

பள்ளிக்கூடம் ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஊர் அந்தப் பக்கம். மிஷன்காரர்கள் அந்தக் காலத்தில் கட்டியபோது அது மாட்டுவண்டிப் பாதை. எப்போதாவது ஒரு மோட்டார் போனால் ஊரே ஓடிவந்து வேடிக்கை பார்க்குமாம். இப்போது, இந்த எழுபத்திரண்டாம் வருஷத்தில், தெற்கேயிருந்து பட்டணத்துக்கு வருகிற மூட்டை முடிச்சு அத்தனையும் அந்த வழியாகத்தான் வரவேண்டும். வண்டலூர் தாண்டி லாரிக்காரன் காலை அழுத்தினான் என்றால் தாம்பரம் ஸ்டேஷன் கண்ணில் படுகிறவரை எடுக்கமாட்டான். நடுவில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு வளைவு. வளைவு முடிகிற இடத்தில் பள்ளிக்கூட வாசல்.

அந்த வாசலுக்கு நேரேதான் ரேணுகாம்பாள் செத்தாள். மீன்காரி அங்காளம்மாவின் ஒரே மகள்.

அங்காளம்மா கோவளத்துக்காரி. கட்டியவன் கடலோடு போனபிறகு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பீர்க்கன்கரணைக்கு வந்து குடிசை போட்டவள். விடியற்காலையில் கோவளம் போய் மீன் எடுத்துவந்து, பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்புறம் புளியமரத்தடியில் கூடையை இறக்கி விற்பாள். அங்கே உட்கார்ந்தால் மகளின் வகுப்பு ஜன்னல் தெரியும். அதற்காகவே அந்த மரத்தடி. "எம் பொண்ணு டீச்சராவப் போவுது, பாத்துகினே இரு" என்று மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். பீற்றிக்கொள்ளக் காரணமும் இருந்தது. ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்த அந்தப் பெண் கணக்கில் புலி. கரும்பலகையில் டீச்சர் போடுகிற தப்பைக்கூடத் தைரியமாக எழுந்து சொல்வாள்.

போன வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம். முதல் மணி அடித்துவிட்டது. ரேணுகா வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். சர்க்கார் படத்தில் போட்டிருக்கிறபடியே பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் இறங்கினாள். வாசலில் நின்ற டீச்சர் தன் இரண்டு கண்ணாலும் அதைப் பார்த்தாள். ஆனால் வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற லாரியைப் பார்க்க எந்தப் பிள்ளைக்குக் கண் இருக்கிறது?

போலீஸ் என்ன எழுதியது தெரியுமா? சிறுமி குறுக்கே ஓடிவந்ததால் நேர்ந்த விபத்து என்று எழுதியது. ஓடிவந்தாளாம்! டீச்சர் போய்ச் சாட்சி சொன்னாள். மரியாதையாக நாற்காலி போட்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். எழுதியதை மாற்றவில்லை. கோர்ட்டில் ஏதோ அபராதம் கட்டிவிட்டு, மழைக்காலம் முடிவதற்குள் அதே டிரைவர் அதே பச்சை லாரியில் அதே வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். அங்காளம்மா லாரியை அடையாளம் கண்டுகொண்டு, கூடையிலிருந்த மீனையெல்லாம் வாரி வாரி அதன்மேல் எறிந்தாள். அன்றைய பிழைப்பு முழுவதும் ரோட்டில் நசுங்கிக் கிடந்தது.

டீச்சர் ஒன்றும் ஆகாயத்தைக் கேட்கவில்லை. வண்டி வேகத்தைக் குறைக்க ரோட்டில் ஒரு மேடு, ஒரு வெள்ளைக்கோடு, இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது என்று ஒரு போர்டு, மணி அடிக்கிற நேரத்துக்கு மட்டும் ஒரு போலீஸ்காரர். பஞ்சாயத்தில் கேட்டால், அது எங்கள் ரோடு இல்லை, ரோடு இலாகாவைப் பாருங்கள் என்றார்கள். ரோடு இலாகாவில் கேட்டால், இது நேஷனல் ஹைவே, மேடு போடுவதென்றால் டில்லியைக் கேட்கவேண்டும் என்றார்கள். போலீஸில் ஆள் பற்றாக்குறை. அடேயப்பா, என்ன பற்றாக்குறை! அதே மாதம் ஒரு மந்திரி அந்த வழியாகச் செங்கல்பட்டுக்குப் போனார். ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஒரு போலீஸ்காரர் முளைத்தார். காலையிலிருந்து ஒரு லாரி நகரவில்லை. ஒரு மனிதர் கடந்துபோவதற்கு ரோட்டையே நிறுத்த முடிகிறது. ஒரு பள்ளிக்கூடம் கடந்துபோவதற்குக் கையைக் காட்ட ஆள் இல்லை.

செங்கல் வந்தது அதற்குப் பிறகுதான். கன்னி கழியாமல் அகாலத்தில் போய்விட்ட பெண்ணைப் பூவாடைக்காரி என்று வைத்துக் கும்பிடுவது அங்காளம்மாவின் ஜனங்களுக்கு வழக்கம். வழக்கமாக வீட்டுக்குள்ளேதான் வைப்பார்கள். அங்காளம்மா தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மூன்று செங்கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மகள் விழுந்த இடத்துக்கு நேரே ரோட்டோரம் நட்டாள். பின்னால் ஒரு வேப்பங்கிளை. அதில் ரேணுகாவின் சிவப்புப் பாவாடையைக் கிழித்துக் கட்டிய ஒரு கொடி.

டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. நாலு தலைமுறையாக வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம் அவளுடையது. கல்லுக்குக் குங்குமம் வைப்பதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகப் பழகியவள். ரோட்டைத் தாண்டிப்போய், "இது எதுக்கு அங்காளம்மா, வீட்டுல வெச்சுக்கக்கூடாதா?" என்று கேட்டாள்.

"வூட்ல இன்னாத்துக்கும்மா? எம் பொண்ணு இங்கதான் கீறா" என்றாள் அங்காளம்மா.

பெற்றவளிடம் அதற்குமேல் என்ன பேச? டீச்சர் திரும்பி வந்துவிட்டாள்.

பிறகு நடந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒரு நெல் லாரிக்காரன் சிவப்புக் கொடியைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். இன்னொருவன் இறங்கி ஒரு சூடம் கொளுத்தினான். அடுத்த வாரம் ஒரு மரம் ஏற்றிய லாரி நிற்காமல் போய் வண்டலூரில் அச்சு முறிந்து உட்கார்ந்தது. அளவுக்குமேல் பாரம் ஏற்றினால் அச்சு முறியாமல் என்ன செய்யும்? ஆனால் டீக்கடைகளில் வேறு கதை கிளம்பிவிட்டது. ஏரிக்கரைப் பூவாடைக்காரி பொல்லாதவள், மரியாதை செய்யாமல் போனால் விடமாட்டாள் என்று விழுப்புரம்வரைக்கும் பேச்சு. அவ்வளவுதான். போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாம் வளைவுக்கு முன்னாலேயே அடங்கி, செங்கல்லுக்கு நேரே நின்று, ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊர்ந்துபோக ஆரம்பித்தன. பஸ் டிரைவர்கள்கூட ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சாலைச் சட்டம் எதற்கும் அஞ்சாத ஆசாமிகள் எல்லாம் மஞ்சள் பூசிய மூன்று செங்கல்லுக்கு நடுங்கினார்கள்.

வண்டி நிற்கிற அந்த இடைவெளியில் பிள்ளைகள் கடந்தார்கள். முதலில் பெரிய பிள்ளைகள், பிறகு சின்னதுகள், பிறகு எல்லாருமே அந்த இடத்தில்தான். டீச்சர் வாசலில் நின்று பார்ப்பாள். கர்த்தரே, இதை நான் என்னவென்று சொல்ல என்று நினைத்துக்கொள்வாள். சர்க்கார் செய்திருக்கவேண்டிய வேலையை, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு மீன்காரி செய்துவிட்டாள். அதைச் சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் லாசரஸ் ஐயா வந்தார். பள்ளிக்கூடக் கமிட்டியின் செயலாளர். பட்டணத்தில் பெரிய ஆபீஸில் கணக்கு பார்த்து ஓய்வுபெற்றவர், அஸ்தினாபுரத்தில் வீடு கட்டிக்கொண்டவர். மோசமான மனிதர் என்று சொல்லமுடியாது. கூரை ஒழுகினால் ஓடு மாற்றித் தருவார். ஆனால் எதையும் ஒழுங்குபடுத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது.

"அம்மா, ஒரு நல்ல சமாச்சாரம்" என்றார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "எதிர்த்தாப்புல இருக்கிற அந்த விக்கிரகத்துக்கு ஒரு வழி பண்ணியாச்சு. ரோடு இலாகாவுக்கு கமிட்டி பேர்ல மனு போட்டேன். ஆக்கிரமிப்புன்னு ஆர்டரே வந்துடுச்சு. இந்த வாரத்துக்குள்ள எடுத்துடுவாங்க."

டீச்சர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"நாங்க மேடு கேட்டு எழுதின மனுவெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. உங்க மனுவுக்கு மட்டும் எப்படி ஐயா ஆர்டர் வந்தது?"

"எழுதற விதத்துல எழுதணும்" என்றார் லாசரஸ் ஐயா, பெருமையாக. "வாகனங்கள் நிற்பதால் போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு எழுதினேன்."

"இடைஞ்சலா? அந்த இடைஞ்சல் வேணும்னுதானே நான் ஊர் ஊரா அலையறேன்!"

"மிஷன் பள்ளிக்கூட வாசல்ல விக்கிரகத்தை வெச்சுகிட்டு நாளைக்குப் பிஷப் வந்தா நான் என்னம்மா பதில் சொல்றது? கர்த்தர் கொடுத்த பத்துக் கற்பனைகள்ல முதலாவதே வேற தெய்வம் கூடாதுங்கிறதுதானே?"

"முதலாவது மட்டும்தான் ஐயா உங்களுக்கு மனப்பாடமா? ஆறாவது என்னன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தக் கல்லு இருக்கிறவரைக்கும் இந்த வாசல்ல கொலை இல்லை."

லாசரஸ் ஐயா முகம் சிவந்து எழுந்தார். ஒரு தலைமையாசிரியை பேசுகிற பேச்சா இது என்று கேட்டார். பிள்ளைகளைக் கர்த்தர் காப்பாற்றுவார் என்றும் சொன்னார். கர்த்தர்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார், அதை நீங்கள் பெயர்த்து எறியப் போகிறீர்கள் என்று வாய்வரை வந்ததை டீச்சர் விழுங்கிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே பஸ் பிடித்துத் தாம்பரம் போனாள். ரோடு இலாகா ஆபீஸில் இன்ஜினீயர் யக்ஞநாராயணன் நல்ல மரியாதைக்காரர். நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் இரண்டு பேனா. டீச்சரை உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். காப்பி கிடைக்கிற ஆபீஸில் காரியம் நடக்காது என்பது டீச்சருக்கு இந்த ஒரு வருஷத்தில் தெரிந்துபோயிருந்தது.

"கல்லை எடுக்கிறதா இருந்தா எடுங்க சார். ஆனா எடுக்கிற அன்னைக்கே அங்க ஒரு மேடு போட்டுடுங்க. நான் கேக்கிறது அவ்வளவுதான்."

"மேடம், உங்க கஷ்டம் புரியறது. ஆனா இதுக்கு ரூல் இருக்கு. ஒரு இடத்தை ஆபத்தான இடம்னு நாங்க ஏத்துக்கணும்னா அங்க இத்தனை டெத் நடந்திருக்கணும். உங்க இடத்துல ஒண்ணுதான். அதுவும் குழந்தை குறுக்க ஓடிவந்ததுன்னு ரிக்கார்ட். அதுக்கப்புறம் பாருங்க, ஒண்ணுமே நடக்கலை. நல்ல விஷயந்தானே?"

"ஏன் நடக்கலை? அந்தக் கல்லுகிட்ட எல்லாரும் நிறுத்தறாங்க, அதனால நடக்கலை. உங்க ஆபீஸ் ஜீப்பே தினம் நின்னு சூடம் கொளுத்திட்டுத்தான் போகுது."

"அது டிரைவர் துளசிங்கம் பண்றது" என்றார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு. "செங்கல்லால விபத்து குறைஞ்சதுன்னு நான் எப்படி மேடம் மேலிடத்துக்கு எழுதறது? சிரிப்பா."

"சிரிக்கட்டுமே சார்! பிள்ளை செத்தப்போ யாரும் அழலை. இப்ப சிரிக்கவாவது செய்யட்டும்."

"அப்படிச் சொல்லாதேள். கல்லை எடுத்தப்புறம் துரதிருஷ்டவசமா ஏதாவது நடந்ததுன்னா, அப்போ நிச்சயமா நானே சிபாரிசு பண்றேன்."

சொல்லிவிட்டு அவர் காப்பி டம்ளரை எடுத்தார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றாள். வகுப்பில் நிற்பது மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"அப்ப இன்னும் பிள்ளைங்க வேணும். சரி சார். எங்க அஞ்சாம் கிளாஸ் அட்டெண்டன்ஸ் எனக்கு மனப்பாடம். வரிசையா கூப்பிடறேன். உங்களுக்கு எந்தப் பிள்ளை வேணுமோ அந்தப் பேர் வரும்போது கையைத் தூக்குங்க."

"மேடம்..."

"அமலோற்பவம்!" என்றாள் வகுப்புக் குரலில். அறைக்கு வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "அமலோற்பவம் வேணாமா? சரி. இந்திராணி. அவளுக்கு அம்மா இல்லை, தம்பியை அவதான் இடுப்புல தூக்கிட்டு வருவா. ரெண்டு பேரும் சேர்ந்து கிடைப்பாங்க. வேணாமா? காந்திமதி. நல்லாப் பாடுவா. அவங்க அப்பா ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன்ல தோட்டவேலை. தவமிருந்து பெத்த பொண்ணு. கையைத் தூக்குங்க சார், ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க?"

"போதும் மேடம், ப்ளீஸ்."

"எனக்கும் போதும்னுதான் இருக்கு. உங்க ரூலுக்குத்தானே போதலை."

குமாஸ்தாக்கள் வாசலில் கூடிவிட்டார்கள். யக்ஞநாராயணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மேலே எழுதிப் பார்க்கிறேன், ஆனால் எடுக்கச் சொன்ன ஆர்டர் வந்தது வந்ததுதான், என் கையில் இல்லை என்றார். யார் கையில் இருக்கிறது என்று டீச்சர் கேட்டாள். குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மேஜைக்குத் திரும்பினார்கள்.

வியாழக்கிழமை செங்கல்லை எடுக்க வந்தார்கள். அந்தக் கூத்தைச் சொல்லத்தான் வேண்டும். கடப்பாரையோடு வந்த கூலியாட்கள் அத்தனை பேரும் அதைத் தொடமாட்டோம் என்றார்கள். கடைசியில் சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, தாயே எங்கள்மேல் குற்றமில்லை, மேலிடத்து உத்தரவு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டபிறகே பெயர்த்தார்கள். உத்தரவு போட்ட யக்ஞநாராயணன் செருப்பைக் கழற்றி ஜீப்பில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்றார். அங்காளம்மா கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. பெயர்த்துப் போட்ட செங்கல்லை முந்தானையில் துடைத்து மீன்கூடைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். லாசரஸ் ஐயா பள்ளிக்கூட வாசலில் நின்று, "இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா" என்றார்.

சுத்தமாகத்தான் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே லாரிக்காரர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கொடி இல்லை, வேப்பங்கிளை இல்லை, பயமும் இல்லை. இத்தனை மாதம் கும்பிட்டுக் கழித்த நேரத்தையெல்லாம் ஒரே நாளில் பிடித்துவிடுகிறவர்கள் மாதிரி பறந்தார்கள்.

ஒரு விஷயத்தை டீச்சர்கூட யோசிக்கவில்லை. மூன்றாம் வகுப்பு திரிபுரசுந்தரி இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவள். அந்த இடத்தில் வண்டி நிற்கும் என்பதைத் தவிர அந்தக் குழந்தைக்கு வேறொன்றும் தெரியாது. அன்று சாயங்கால மணி அடித்ததும் தினமும் போகிற மாதிரியே இறங்கிப் போனாள். வலமும் பார்க்கவில்லை, இடமும் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கவேண்டும், வண்டிதான் நிற்குமே!

வளைவில் திரும்பிய லாரியைக் கண்டு ஹில்டா பாய்ந்துபோய்ப் பின்னலைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் புழுதியில் விழுந்தார்கள். குழந்தையின் கையிலிருந்த சாப்பாட்டு டப்பா லாரியின் சக்கரத்தடியில் போய் அப்பளமாகிவிட்டது. லாரி நிற்கவில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டார்களே என்று திரிபுரசுந்தரி வீறிட்டு அழுதாள். லாசரஸ் ஐயா வாசலிலேயேதான் இருந்தார். குடையை ஊன்றிக்கொண்டு அந்த டப்பாவைப் பார்த்தவர், தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறப் போனார்.

மறுநாள் காலையில் டீச்சர் எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்கூடம் வந்தாள். புதுக் கக்கூஸ் கட்டுவதற்காகக் கமிட்டி இறக்கிவைத்திருந்த செங்கல் குவியலிலிருந்து நல்லதாக மூன்றைப் பொறுக்கினாள். முனைக் கடையில் மஞ்சள்தூளும் குங்குமமும் கேட்டாள். கடைக்காரர், "டீச்சரம்மாவுக்குக் குங்குமமா?" என்று கண்ணை அகல விரித்தார். "ஆமா, எனக்குத்தான். கட்டுங்க" என்றாள். அந்த வெள்ளைப் புடவையோடு ரோட்டோரம் மண்டி போட்டு உட்கார்ந்து, குழைத்த மஞ்சளைச் செங்கல்லில் பூசினாள். ஜெபத்துக்குத் தவிர மண்டியிடாத பெண்பிள்ளை. ஆண்டவரே, நான் இதைக் கும்பிடவில்லை என்று உமக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியாமல் போனால் போகட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மீன்கூடையோடு வந்த அங்காளம்மா பதறிப்போனாள். "இன்னா டீச்சரம்மா இது! நீங்க போயி இதெல்லாம் தொடலாமா?"

"ரேணுகா என் கிளாஸ் பொண்ணு, அங்காளம்மா. நான் தொடாம யார் தொடறது?" என்றாள் டீச்சர். "உனக்கு இது உன் மகள். எனக்கு இது சர்க்கார் வைக்காத போர்டு. நீ கும்பிட்டுக்க, நான் காவல் நிக்கறேன்."

அங்காளம்மா ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். "மஞ்சள இப்டி அப்பக்கூடாதும்மா. தள்ளு, நா பூசறேன்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மடியிலிருந்து பழைய சிவப்புக் கொடியை எடுத்து, ஒரு வேப்பங்கிளையில் கட்டிப் பின்னால் நட்டாள். நேற்று அதைக் கூலியாள் தூக்கி எறிவதற்கு முன்னாலேயே அவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய லாசரஸ் ஐயா இதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ரத்தினபாய் அம்மா! நீங்களா? கமிட்டிக்கு நான் என்னன்னு சொல்றது?"

"கமிட்டியோட செங்கல்லை எடுத்தேன்னு சொல்லுங்க. என்னை வேலையை விட்டு நீக்கறதுன்னாலும் நீக்குங்க ஐயா. ஆனா பிள்ளைங்க எல்லாம் கடந்து வந்தப்புறம் வந்து சொல்லுங்க."

நேற்றைய டப்பாவின் மூடி இன்னும் ரோட்டிலேயே தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு லாசரஸ் ஐயா ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பிள்ளைகள் அந்தப் பக்கம் கூட ஆரம்பித்தார்கள். வளைவில் ஒரு ஜீப் திரும்பியது. கல்லைப் பெயர்த்த இடத்தைப் பார்வையிட்டு மேலே எழுதவேண்டுமல்லவா, அதற்காக யக்ஞநாராயணன் வந்துகொண்டிருந்தார். கொடியைக் கண்டதும் டிரைவர் துளசிங்கத்தின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. செங்கல்லுக்கு நேரே ஜீப் நின்றது. பின்னால் வந்த பஸ் நின்றது, அதற்குப் பின்னால் இரண்டு லாரிகள் நின்றன. எதிரே வந்த கரும்பு லாரியும் கொடியைப் பார்த்துவிட்டு முனகிக்கொண்டே நின்றது.

டீச்சர் ரோட்டின் நடுவே போய் ஜீப்புக்கு முன்னால் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த யக்ஞநாராயணனை நேராகப் பார்த்தாள்.

"நின்னுட்டீங்களே சார்! டில்லியைக் கேட்டுட்டா நின்னீங்க?"

டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சாம் கிளாஸ், வரிசையா வாங்க. அமலோற்பவம்!"

"உள்ளேன் டீச்சர்!" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பின் முகப்பை உரசிக்கொண்டு ஒருத்தி கடந்தாள்.

"இந்திராணி!"

"உள்ளேன் டீச்சர்!" இடுப்பில் தம்பி இருந்தான். அவன் ஜீப்பைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"காந்திமதி!"

"உள்ளேன் டீச்சர்!"

தாம்பரத்து ஆபீஸில் கேட்ட பெயர்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கால் முளைத்து யக்ஞநாராயணன் கண்ணெதிரே நடந்துபோயின. எண்ணெய் வைத்த தலை, கிழிந்த பை, மூக்கு ஒழுகல் எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில். அவர் கண்ணை எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேணுகாம்பாள்!" என்றாள் டீச்சர், குரலைத் தாழ்த்தாமல்.

ஒருவரும் கடக்கவில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கரும்பு லாரிக்காரன்கூட இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப்பார்த்தான்.

செங்கல்லின் பக்கத்திலிருந்து அங்காளம்மா எழுந்து நின்றாள். "இங்கதான் கீறா டீச்சரம்மா" என்றாள்.

யக்ஞநாராயணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வண்டியை எடு, துளசிங்கம்" என்றார், வெளியே யாருக்கும் கேட்காத குரலில்.

துளசிங்கம் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தான்.

"கொஞ்சம் இரு சார்" என்றான். "இன்னும் கொயந்தைங்க பாக்கி கீது."